வலியும் தண்டனையும்

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரலைக் கொண்டுவரும்போது, குற்றாலம் பேரருவியின்கீழ் நிற்க இடம் கிடைப்பது அரிது. எண்ணெய் தேய்த்துத் தோளையும் முதுகையும் அருவிக்குக் கொடுத்துவிட்டு வெளிவருபவர்கள், 'மேல்வலியெல்லாம் போய்விட்டது' என்பார்கள். அதே தென்காசி வட்டாரத்தில் படுக்கையில் கிடக்கும் முதியவரை நலம் விசாரிக்கச் சென்றால் வேறொரு பேச்சு காதில் விழும்: 'என்ன பாவம் செய்தேனோ, இந்த வேதனையை அனுபவிக்கிறேன்.' அருவியில் கரைவது வலியாகவே இருக்கிறது. படுக்கையில் நீடிப்பது மட்டும் ஏன் குற்றத்தின் சம்பளமாகக் கருதப்படுகிறது?

இவ்வினாவை ஆராய, நம்மிடையே மருத்துவமனைகளில் அன்றாடம் புழங்கும் 'பெயின்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு உதவும். அதன் மூலம் கிரேக்க மொழியின் 'பொய்னே'. கொலையுண்டவனின் குடும்பத்தாருக்குக் கொன்றவன் செலுத்தும் ஈட்டுத்தொகையே அதன் பழம்பொருள். ஹோமரின் இலியட் காவியத்தில் அக்கிலீசின் கேடயத்தில் தீட்டப்பட்ட வழக்காடல் காட்சி இத்தொகையைப் பற்றியதே. நம் ஃபிக்ஹு நூல்கள் 'தியத்' என்று பேசுவதற்கு அது நெருக்கமானது. இச்சொல் இலத்தீனில் 'பொயேனா' ஆயிற்று. கி.மு. 450 அளவில் தொகுக்கப்பட்ட ரோமானியரின் பன்னிரு பலகைச் சட்டத்தில், சிறு தீங்குக்கு விதிக்கப்பட்ட 25 காசு அபராதம் இப்பெயராலேயே குறிக்கப்பட்டது. பாரசீகத்திலும் உருதுவிலும் பகைமையைக் குறிக்கும் 'கீனா' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்ததாகும்.

இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக 1300ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலத்துள் புகுந்தபோதும் 'பெயின்' தண்டனை என்னும் பொருளைச் சுமந்தே வந்தது. தண்டனையால் விளையும் துன்பம், பிறகு எவ்வகைத் துன்பமும், இறுதியாக உடலின் வலி என்று அதன் பொருள் விரிந்தது. பழம்பொருள் முற்றிலும் மறையவில்லை. 1860இல் இயற்றப்பட்டு 2024 ஜூன் 30 வரை நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள 'பீனல்' என்பதும், சாட்சிக்கு அனுப்பப்படும் 'சப்பீனா' என்பதும் இதன் உடன்பிறப்புகளே.

தமிழின் சொற்கள் இவ்வழியில் பிறந்தவை அல்ல. 'வலி' என்பது வலிமையையும் குறிக்கும். துடுப்பு வலித்தல் என்னும்போது இழுத்தலையும் குறிக்கும். 'நோ' என்னும் வேரிலிருந்து நோவும் நோயும் தோன்றின. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டையைக் கடந்து மலையாளத்துக்குள் சென்றாலும் நோவு நோவாகவே இருக்கிறது. பொறுத்தலைக் குறிக்கும் 'நோல்' என்பதிலிருந்து வந்தது 'நோன்பு'. ரமலானின் கடமைக்குத் தமிழ் முஸ்லிம்கள் தேர்ந்துகொண்ட பெயர் அது. நெல்லைச் சீமையின் உளைச்சல், குடைச்சல், கடுப்பு, குத்தல் ஆகியவையோ வலி எவ்வாறு இருக்கிறது என்று மட்டும் சொல்கின்றன. வலிப்பவர் யார், எத்தகையவர் என்று அவை ஆராய்வதில்லை.

அவ்வாறாயின் நம் பேச்சில் குழப்பம் எங்கே நுழைந்தது? 'வேதனை' என்ற சொல்லில் என்று கருத இடமுண்டு. அறிதலையும் உணர்தலையும் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்த அச்சொல், பௌத்த நூல்களில் இன்ப உணர்வையும் உள்ளடக்கியது. தமிழில் அது துன்பமாகக் குறுகியது. திருக்குர்ஆன் தமிழாக்கங்கள் பலவும் தண்டனையைக் குறிக்கும் 'அதாப்' என்பதற்கு இச்சொல்லையே ஆண்டன. பயானில் தண்டனையாகக் கேட்ட சொல்லையே நோயாளி தன் முழங்கால் வலிக்கும் பயன்படுத்துகிறார். இரு பொருளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

அரபியில் அவை தனித்தனிச் சொற்கள். வலி 'அலம்' அல்லது 'வஜஉ', தண்டனை 'அதாப்'. தண்டனை 'அலீம்', அதாவது வலி தருவது, என்று வர்ணிக்கப்படுவது உண்மையே. ஆனால் தண்டனை வலிக்கும் என்பதனால் வலியெல்லாம் தண்டனை ஆகிவிடாது. போர்க்களத்தில் நீங்கள் வலியுறுவது போலவே எதிரிகளும் வலியுறுகிறார்கள் என்னும் கருத்தைத் தரும் 4:104ஆம் வசனம், இரு தரப்பாருக்கும் அலம் என்னும் வேரையே ஆள்கிறது. இறைத்தூதர் (ஸல்) அவர்களைவிடக் கடுமையான வலிக்கு உள்ளான எவரையும் தாம் கண்டதில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. அங்கே ஆளப்பட்ட சொல் வஜஉ.

நேரும் துன்பங்கள் உங்கள் கைகள் தேடிக்கொண்டவையே என்னும் கருத்துடைய 42:30ஆம் வசனத்தை ஒருவர் எடுத்துக்காட்டலாம். இறைவன் பலவற்றை மன்னித்துவிடுகிறான் என்றே அவ்வசனம் நிறைவுறுகிறது. குறிப்பிட்ட ஒருவருடைய வலி எக்குற்றத்துக்கானது என்று கணக்கிடும் உரிமையை அது எவருக்கும் வழங்கவில்லை. முள் குத்தினாலும் பிழைகள் நீக்கப்படுகின்றன என்னும் நபிமொழியும் நோயாளிக்கு ஆறுதலாகக் கூறப்பட்டதே அன்றி, அவர்மீது சாட்டப்பட்ட குற்றச்சாட்டு அன்று.

வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1979இல் தான் வெளியிட்ட வரையறையை 2020இல் திருத்தியபோது, தமக்கு வலிக்கிறது என்று ஒருவர் கூறுவதை மதிக்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்தது. நோயாளியை நலம் விசாரிப்பது நம்மீதுள்ள கடமை. அவரருகே அமரும்போது காரணம் தேடாமல், உளைச்சலா, குடைச்சலா என்று கேட்போம். அவர் சொல்வதை நம்புவோம். அவர் தம்மையே குற்றவாளியாக்கிப் பேசினால், வலி வேறு, தண்டனை வேறு என்று மென்மையாக எடுத்துச் சொல்வோம்.