பதநீர் புளித்தல்

பதநீர் புளித்தல் என்பது பனையின் பாளையிலிருந்து வடியும் இனிப்பான சாறு, காற்றிலும் கலயத்திலும் உள்ள காட்டு நொதியங்களால் தானாகவே கள்ளாக மாறுவதைக் குறிக்கும். பாளையிலிருந்து சொட்டும்போது பதநீருக்கும் கள்ளுக்கும் வேறுபாடு கிடையாது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசப்பட்டிருந்தால் அது பதநீர். பூசாவிட்டால் சில மணி நேரத்தில் கள். கோவில்பட்டிக்குக் கிழக்கே விளாத்திகுளம், வேம்பார் வரை நீளும் வறண்ட கரிசல் பகுதியிலும், தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்கே உடன்குடிப் பகுதியிலும் கருப்பட்டித் தொழில் இந்த ஒரு வேறுபாட்டைச் சார்ந்தே நடைபெறுகிறது.

நொதியங்கள் வரும் வழி

புதிதாக வடிந்த பனஞ்சாற்றில் ஏறத்தாழ 10 முதல் 14 விழுக்காடு வரை சர்க்கரை உள்ளது. அதில் பெரும்பகுதி சுக்குரோசு. சாறு ஏறத்தாழ நடுநிலைத் தன்மையுடையது. சர்க்கரை, நீர், கோடை வெப்பம் ஆகிய மூன்றும் சேர்வதால் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகுகின்றன. அவை பாளையின் மேற்பரப்பு, தேனீக்களும் எறும்புகளும், பாளை அரிவாள், முந்தைய நாள் பயன்படுத்திய கலயம் ஆகியவற்றின் வழியாக வருகின்றன. மண்கலயத்தின் நுண்துளைகளில் நொதியம் தங்கிவிடுவதால், கழுவிய கலயமும் தூய்மையானது என்று கொள்ள முடியாது.

சாக்கரோமைசிசு செரவிசியே என்னும் நொதியம் சர்க்கரையை எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. இலாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிப்பைத் தருகின்றன. அதன்பின் அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் எத்தனாலைக் காடியாக மாற்றுகின்றன. ஒரு லிட்டர் சாற்றில் 120 கிராம் சுக்குரோசு இருந்து, அது முழுவதும் நொதித்தால், கோட்பாட்டளவில் ஏறத்தாழ 64 கிராம் எத்தனால் உண்டாகும்.

சுண்ணாம்பின் பணி

நீற்றிய சுண்ணாம்பு என்பது கால்சியம் ஐதராக்சைடு. அதன் தெளிந்த நிறைகரைசலின் காரகாடித்தன்மை எண் 12-க்கு மேல் இருக்கும். அத்தகைய வலிய காரத்தில் நொதியங்களும் பெரும்பாலான பாக்டீரியாக்களும் பெருக முடியாது. அமிலச் சூழலில் சுக்குரோசு குளுக்கோசாகவும் புருக்டோசாகவும் பிரிந்துவிடும். சுண்ணாம்பு இதையும் தடுக்கிறது. பிரிந்த சர்க்கரை எளிதில் படிகமாகாது. எனவே சுண்ணாம்பு குடிக்கும் பதநீரைக் காப்பதோடு, கருப்பட்டி இறுகவும் உதவுகிறது.

சுண்ணாம்பின் அளவு முக்கியமானது. குறைந்தால் சாறு புளிக்கும். மிகுந்தால் பதநீர் காரச்சுவை பெறும், கருப்பட்டியின் நிறம் கறுக்கும். இறக்கிய பதநீரைத் தெளிய வைத்துத் துணியில் வடிகட்டுவதால் கரையாத சுண்ணாம்பு நீங்குகிறது.

புளித்ததை அறிதல்

* மேலே நுரை கட்டி, குமிழிகள் தொடர்ந்து எழும்.
* தெளிவு குறைந்து, சாறு பால்போல் வெளுக்கும்.
* இனிப்பு குறைந்து, புளிப்பு வாடை வரும்.
* சிறிதளவு எடுத்து மஞ்சள்தூள் கலந்தால், காரத்தன்மை உள்ள பதநீர் சிவக்கும். புளித்தது மஞ்சளாகவே இருக்கும்.

புளித்தபின் செய்யக்கூடியவை

புளித்த பதநீரை மீண்டும் பதநீராக்க வழியில்லை. பின்னர் சுண்ணாம்பு சேர்த்தால் நொதித்தல் நிற்கும், ஆனால் எத்தனாலாக மாறிய சர்க்கரை திரும்பாது. பிரிந்துபோன குளுக்கோசும் புருக்டோசும் காரத்தில் கொதிக்கும்போது சிதைந்து கறுப்பதால், கிடைக்கும் பாகு கறுத்து இளகியே நிற்கும். புளித்த ஒரு கலயத்தை நல்ல பதநீருடன் ஒரே சட்டியில் ஊற்றினால் அன்றைய முழுக் காய்ச்சலும் கெடக்கூடும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 லிட்டர் பதநீர் தேவைப்படுவதால் இழப்பு சிறியதன்று. ஆகவே ஒவ்வொரு கலயத்தையும் முகர்ந்து பார்த்து, கெட்டதைத் தனியே ஒதுக்குவதே சரியான முறை.

தடுப்பு முறைகள் எளியவை. கலயத்தை நன்கு கழுவி, நெருப்பில் காட்டியோ வெயிலில் உலர்த்தியோ, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுண்ணாம்பு பூச வேண்டும். தொடர்ந்து புளிக்கும் கலயத்தை மாற்ற வேண்டும். அரிவாளைத் தூய்மையாக வைக்க வேண்டும். வெயில் ஏறுமுன் இறக்கி, தாமதமின்றிக் காய்ச்ச வேண்டும். கொதித்தல் எஞ்சிய நொதியத்தை அழித்துவிடும்.

சட்டமும் பனையேறிகளும்

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை உள்ளது. அதனால் சுண்ணாம்பு குறைந்த ஒரு கலயம் வருமான இழப்போடு நிற்பதில்லை. பனையேறியைச் சட்டச் சிக்கலுக்கும் உள்ளாக்கக்கூடும். இலங்கையில் நிலை வேறு. அங்கு பனங்கள் அனுமதிக்கப்பட்ட பானம். புளிக்காத சாறு யாழ்ப்பாணத்தில் கருப்பநீர் எனப்படுகிறது. பனை அபிவிருத்திச் சபை அங்கு 1978-இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் தமிழ்நாட்டின் மாநில மரமாகப் பனை அறிவிக்கப்பட்டது.

பிற நாடுகளில்

காட்டு நொதியம் பீர் தயாரிப்பாளர்களுக்கும் நீண்டகாலச் சிக்கலாக இருந்தது. லூயி பாசுச்சர் 1876-இல் பீரின் கெடுதல்கள் பற்றிய நூலை வெளியிட்டார். கோபன்கேகனில் உள்ள கார்ல்சுபெர்க் ஆய்வகத்தில் எமில் கிறித்தியான் ஆன்சன் 1883-இல் ஒரே உயிரணுவிலிருந்து தூய நொதியத்தை வளர்த்து, காட்டு நொதியத்தால் பீர் கெடுவதைக் கட்டுப்படுத்த வழிகண்டார். மாறாக, பெல்சியத்தின் லாம்பிக் பீர் காட்டு நொதியத்தை நம்பியே செய்யப்படுகிறது. பீர் தயாரிப்பவர் வேண்டாத நொதியத்தை விலக்கி வேண்டியதைச் சேர்க்கிறார். பதநீர் இறக்குபவரோ எந்த நொதியமும் வளராதபடி சுண்ணாம்பால் தடுக்கிறார்.