பரிசு கொடுக்கும் முன் புள்ளித்தாளைக் கேளுங்கள்

அக்கரப்பத்தனைக் கடைவீதியில் வியாபாரம் செய்யும் எங்களிடம் போட்டிப் பரிசுக்குப் பணம் கேட்டு வருவோர் அநேகர். கிரிக்கெட், கெரம் என்றிருந்தது போய், இப்போது கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு 'லெவல்' (ஆடுபவர் கடக்க வேண்டிய கட்டம்) அமைக்கும் போட்டிக்கும் கேட்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் புள்ளி போடும் விதத்தை முதலில் விசாரிப்பது என் வழக்கம்.

நம்மூர்த் தேயிலையையே பாருங்கள். சுவை பார்ப்பதற்கென்று 1980இல் வந்த ஐ.எஸ்.ஓ. 3103 விதிப்படி 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை. ஊறும் நேரம் 6 நிமிடம். எல்லாத் தேயிலைக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். லெவலுக்கும் அதுதான் நியாயம்: ஒரே மாதிரி இயந்திரத்தில், ஒவ்வொரு நடுவரும் கடைசி வரை ஆடிப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு வித்தியாசம் உண்டு. 1883 முதல் நடக்கும் கொழும்புத் தேயிலை ஏலத்தின் பட்டியலில் தோட்டத்தின் பெயரும் இருக்கும். பெயருக்கு மயங்கிக் கூட்டிக் கேட்டால் வாங்குபவரின் பணம்தான் போகும். அந்தப் பயமே காவல். போட்டி நடுவருக்கு அப்படி நட்டம் எதுவுமில்லை. ஆகவே அங்கே பெயரை மறைத்து இலக்கம் கொடுப்பதே சரி.

அடுத்தது கூட்டல் கணக்கு. மூன்று நடுவர்கள், இரண்டு லெவல்கள் என்று வையுங்கள். இருவர் முதலாவதற்கு 8, இரண்டாவதற்கு 7 போடுகிறார்கள். மூன்றாமவர் முதலாவதற்கு 3, மற்றதற்கு 9. கூட்டினால் 19க்கு 23. மூவரில் இருவர் விரும்பியது தோற்றுவிட்டது! இதில் களவு இருக்க வேண்டுமென்பதில்லை. சிலருக்குக் கை அகலம், அவ்வளவுதான். நடுப் புள்ளியை எடுத்தால் 8க்கு 7 என்று முதலாவது வெல்லும்.

பெரிய இடங்களிலும் இந்தச் சிக்கல் வந்ததுண்டு. 2002 சோல்ற் லேக் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜோடிப் பனிச்சறுக்கு நடனத்தில் ரஷ்ய ஜோடி 5க்கு 4 என்ற நடுவர் வாக்கில் வென்றது. பிரெஞ்சு நடுவர்மீது புகார் எழ, கனடா ஜோடிக்கும் தங்கம் கொடுக்க வேண்டி வந்தது. 2004இல் பழைய 6.0 முறையையே கைவிட்டார்கள். இப்போது அதிகூடிய புள்ளியையும் அதிகுறைந்ததையும் நீக்கிவிட்டே சராசரி பார்க்கிறார்கள்.

நம்மவர் போட்டிகளில் நடுவரின் மருமகனோ மாணவனோ கலந்துகொள்வது சகஜம். சின்ன ஊர், தவிர்க்க முடியாது. அந்த ஒரு லெவலுக்கு மட்டும் அவர் விலகி நிற்கட்டும். எதற்கு எத்தனை புள்ளி என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டி, முடிவோடு ஒவ்வொரு நடுவரின் தாளையும் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று: பணம் கொடுத்த முதலாளியை நடுவர் கதிரையில் அமர அழைப்பார்கள். போகாதீர்கள், பரிசை மேடையில் கொடுத்தால் போதும்.