வெறும் தாளில் போட்ட கையெழுத்து

கோர்ட் அமீனா தெருமுனையில் விலாசம் விசாரிக்கிறார் என்றதும் கொல்லைப்புறமாக நழுவிவிடுவதுதான், புரோநோட்டு வழக்கில் மாட்டியவர்களில் பலர் அறிந்த ஒரே தற்காப்பு. சம்மனைக் கையில் வாங்காவிட்டால் வழக்கு நகராது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். நகரும். நீங்கள் இல்லாதபோது உங்களோடு குடியிருக்கும் குடும்பத்தாரில் வயதுவந்த யார் வாங்கினாலும் நீங்கள் வாங்கியதாகவே கொள்ளலாம். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டுவார்கள். ஆளே அகப்படாவிட்டால் பேப்பரில் விளம்பரம். அடுத்தது, நீங்கள் வராமலே உங்களுக்கு எதிராக எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு 12 வருஷம் வரை நிறைவேற்று மனு போடலாம். இதற்கிடையில் வாதி அவசரப்படவே மாட்டார். நீங்கள் ஒரு மனை வாங்கும்வரை காத்திருந்து, வாங்கியதும் ஜப்திக்கு வருவார். எக்ஸ்பார்ட்டியை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட, தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள்தான். சம்மன் முறைப்படி வந்து சேரவில்லை என்றால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். அதைத் தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி இன்னொரு மனு. சம்மன் கைக்கு வந்த 30 நாளில், போனால் 90 நாளில், எதிருரை தாக்கல் செய்வதற்கு இதில் பாதி சிரமம்கூடக் கிடையாது.

சரி, கோர்ட்டுக்குப் போயாயிற்று. அங்கே என்ன சொல்வது?

ஒரு டீக்கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். 50,000 ரூபாய் வாங்கினார். ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தொகை, தேதி, வட்டி எல்லாம் காலி. இரண்டரை வருஷம் வாராவாரம் வட்டி கட்டினார், ரசீது கிடையாது. கடைசியில் 3 லட்சம் என்று நிரப்பி வழக்கு வருகிறது. அவருக்கு முதலில் தோன்றுவது, பக்கத்துக் கடைக்காரர் சொல்லிக்கொடுப்பதும் இதுதான்: “கையெழுத்தே என்னோடது இல்லைன்னு சொல்லிடு.” இதைவிட மோசமான எதிருரை இருக்க முடியாது. வங்கியில், பத்திர ஆபீஸில் அவர் போட்ட பழைய கையெழுத்துகளை வரவழைத்து நிபுணருக்கு அனுப்புவார்கள். ஒத்துப்போய்விட்டால் அவர் சொல்லும் மிச்ச உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

கையெழுத்தை ஒப்புக்கொண்டால் மட்டும் தப்பித்துவிடலாம் என்றும் இல்லை. 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம் இங்கே கடன் கொடுத்தவர் பக்கம் நிற்கிறது. 118-ஆம் பிரிவின்படி, புரோநோட்டு என்றால் பணம் கைமாறியிருக்கிறது என்றுதான் கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது பிரதிவாதி வேலை. 20-ஆம் பிரிவு இன்னும் கொடுமை: ஸ்டாம்ப் ஒட்டிய காலித் தாளில் கையெழுத்துப் போட்டு ஒருவரிடம் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்ததாகக் கருத இடமுண்டு. அந்த ஸ்டாம்ப் தாங்கும் தொகைவரைதான் நிரப்பலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. ஆனால் கேட்கும்போது தரவேண்டிய நோட்டுக்கு, ஆயிரம் ரூபாய்க்கு மேல் எத்தனை லட்சமானாலும் முத்திரைக் கட்டணம் ஒன்றுதான். அப்புறம் வரம்பாவது, ஒன்றாவது!

டீக்கடைக்காரருக்கு இருக்கும் ஒரே ஆறுதல், அவர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. தன் பக்கம் நம்பத்தக்கது என்று காட்டினால் போதும். காட்டிவிட்டால் நிரூபிக்கும் சுமை திரும்பவும் வாதி தலையில். அதற்கான கேள்விகள் குறுக்கு விசாரணையில் வரவேண்டும். 3 லட்சம் ரொக்கம் அன்றைக்கு உங்களிடம் எப்படி இருந்தது? வருமான வரிக் கணக்கில் காட்டினீர்களா? வட்டிக் கணக்கு நோட்டு எங்கே? கணக்கு வைத்திருந்தும் கோர்ட்டில் காட்டாமல் மறைத்தால் அது வாதிக்கு எதிராகவே திரும்பும் என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லியிருக்கிறது. ஜிபேயில் அனுப்பிய வட்டி இருந்தால் பொன்னான சாட்சி. வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றே இந்தக் கதையைப் பதில் நோட்டீஸில் எழுதியிருக்க வேண்டும். அப்போது சும்மா இருந்துவிட்டுக் கூண்டில் ஏறி முதல்முறையாகச் சொன்னால் இட்டுக்கட்டியதாகத்தான் படும்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்பவர்களுக்கு: தாலுகா சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

நோட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். நோட்டு எழுதி 3 வருஷம் ஆனால் காலாவதி. ஆனால் அதற்குள் ‘வரவு ரூ.500’ என்று எழுதிக் கடன் வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால், அன்றிலிருந்து இன்னொரு 3 வருஷம். முன்பக்கம் கையெழுத்து வாங்கும்போதே பின்பக்கமும் ஒன்று வாங்கிவைத்துக்கொள்கிற கெட்டிக்காரர்கள் உண்டு.

கடன் கொடுத்து ஏமாந்த நல்லவர்களும் இருக்கிறார்கள்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் எனக்குக் கவலையெல்லாம் அந்தக் காலித் தாளைப் பற்றித்தான். கடனை அடைக்கும் நாளில்கூட அதை நாம் கேட்டு வாங்குவதில்லை. “நோட்டு ஊர்ல இருக்கு, நான் கிழிச்சுப் போட்டுடறேன் தம்பி” என்பார்கள், தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். பணத்தைக் கொடுக்கும்போதே நோட்டைத் திருப்பி வாங்கும் உரிமையை அதே 1881 சட்டத்தின் 81-ஆம் பிரிவு கொடுத்திருக்கிறது. கேட்பதற்கு நமக்குக் கூச்சம்.

கடன் வாங்காதவர்களும் இப்போது இதில் சிக்குகிறார்கள். சீட்டு எடுத்தவரிடம் நிரப்பாத நோட்டு இரண்டு. கடையில் வேலைக்குச் சேரும் பையனிடம், ‘பாதுகாப்புக்கு’ என்று கையெழுத்துப் போட்ட செக் இரண்டு. செக் என்றால் விவகாரம் சிவில் கோர்ட்டோடு நிற்காது. அதே சட்டத்தின் 138-ஆம் பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு வழி உண்டு. நிரப்பாமல் கொடுத்த செக்காக இருந்தாலும், விரும்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், கடனுக்காகத்தான் கொடுத்தது என்ற சட்டத்தின் அனுமானம் பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நோட்டீஸ் வந்தால் பணம் கட்டக் கிடைப்பது 15 நாள்.

அந்தப் பையன் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கொடுக்கும்போதே செக் நம்பரைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். வேலையை விடும் வாரத்திலேயே, அந்த நம்பரைப் போட்டு ‘இன்ன காரணத்துக்காகக் கொடுத்தது, திருப்பித் தாருங்கள்’ என்று ஸ்பீட் போஸ்டில் முதலாளிக்கு ஒரு கடிதம், வங்கிக்கு ஒரு கடிதம். ஸ்டாப் பேமெண்ட் மட்டும் வழக்கிலிருந்து காப்பாற்றாது. ஆனால் செக்கில் பிற்பாடு நிரப்பப்படும் தேதிக்கு முன்னாலேயே அந்தக் கடிதம் போயிருந்தால், அவன் வக்கீலுக்குக் கூண்டில் நிற்கும் முதலாளியிடம் கேட்க ஒரு கேள்வியாவது இருக்கும்.