வீட்டிலிருந்தே வரலாறு படித்து ஆசிரியர் ஆகலாமா? கட்டணத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

"கல்லூரிக்குப் போக வசதியில்லை. செல்போனிலேயே பி.ஏ. வரலாறு படித்து டீச்சர் ஆக முடியுமா? எங்கே கட்டணம் குறைவு?" கம்பைநல்லூர் சுற்றுவட்டாரக் காலனிகளில் பிளஸ் 2 முடித்த பிள்ளைகளும், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திருமணமாகி வந்த பெண்களும், பெங்களூரு கட்டட வேலைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போய்த் திரும்பும் இளைஞர்களும் கேட்கும் கேள்வி இது. பாதிப் பதில் "முடியும்" என்பது. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் கட்டும் பணம் ஆற்றில் போட்ட புளியாகிவிடும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80.1 சதவீதம். தருமபுரி மாவட்டத்தில் 68.5 சதவீதம். மாநிலத்திலேயே கடைசி இடம் நமக்குத்தான். இப்படிப்பட்ட மாவட்டத்தில் காலனித் தெருவில் இருந்து ஒருவர் ஆசிரியராகிறார் என்றால், அந்தத் தெருவின் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு வழி திறக்கிறது. ஆகவே இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைப்பது மிக அவசியம்.

பட்டம் செல்லுமா?

தொலைநிலைக் கல்வி தமிழகத்துக்குப் புதிதல்ல. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, 1985-ல் உருவானது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. தபாலில் வந்த பாடப்புத்தகத்தைப் படித்துப் பட்டம் பெற்று அரசுப் பணிக்குப் போனவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள்.

அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலை வழியிலோ இணையவழியிலோ பெறும் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள், நேரில் கல்லூரிக்குச் சென்று பெறும் பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. எனவே "தபால் படிப்பு செல்லாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் "அங்கீகாரம் பெற்ற" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது.

அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் இருந்தால் போதாது. நாம் சேரும் படிப்புக்கும், நாம் சேரும் ஆண்டுக்கும் இருக்க வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கான அங்கீகாரம் 2014-15 கல்வியாண்டு வரைதான் இருந்தது என்று 2022-ல் யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டபோது, இடைப்பட்ட ஆண்டுகளில் படித்த பலர் கலங்கிப் போனார்கள். பழைய பெயர், பெரிய கட்டடம் ஆகியவற்றைப் பார்த்துச் சேரக் கூடாது என்பதற்கு இது ஒரு பாடம். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் ஒவ்வொரு ஆண்டும் அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்களும் படிப்புகளும் பட்டியலாக வெளியிடப்படுகின்றன. நாம் சேரும் ஆண்டின் பட்டியலில் "பி.ஏ. வரலாறு" இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். 2024 முதல், தொலைநிலையிலோ இணையவழியிலோ சேரும் மாணவர் அந்தத் தளத்தில் பதிவு செய்து "டெப் ஐடி" என்னும் அடையாள எண் பெறுவதும் கட்டாயம். அந்த எண்ணைக் கேட்காமலே சேர்த்துக்கொள்கிறேன் என்று ஒரு ஏஜென்ட் சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

பிளஸ் 2 இல்லாமல் பட்டம் வேண்டாம்

பத்தாம் வகுப்போடு நின்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆயத்தப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு நேராகப் பி.ஏ. சேரும் வழி திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் இருந்தது. ஆனால் 10-ம் வகுப்பு, பிளஸ் 2, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் திறந்தநிலைப் பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லும் என்று 2009-ல் வெளியான அரசாணை கூறுகிறது. இது தெரியாமல் பட்டம் வாங்கி, வேலை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. நின்றுபோன பிளஸ் 2-வைத் தனித்தேர்வராக எழுதி முடித்துவிட்டுப் பட்டத்துக்குப் போவதே சரி. ஓராண்டு தள்ளிப் போனாலும் மூன்றாண்டு உழைப்பு வீணாகாது.

பி.எட்.தான் உண்மையான தடை

இனி யாரும் சொல்லாத அந்த மீதிப் பாதி. பி.ஏ. வரலாறு மட்டும் முடித்தால் ஆசிரியர் ஆக முடியாது. பி.எட். வேண்டும். அதை வீட்டிலிருந்தே படிக்க முடியாது.

திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் பி.எட். நடத்துவது உண்மைதான். ஆனால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் விதிப்படி, அது ஏற்கெனவே பயிற்சி பெற்றுத் தொடக்கப் பள்ளியில் பணியில் இருப்பவர்களுக்கும், ஆசிரியர் பயிற்சி ஒன்றை நேர்முக வகுப்பில் முடித்தவர்களுக்கும் மட்டும் உரியது. பி.ஏ. முடித்த கையோடு வருபவர் அதில் சேர முடியாது. அவர் இரண்டாண்டுகள் கல்வியியல் கல்லூரிக்கு நேரில் போக வேண்டும். பள்ளியில் கற்பித்தல் பயிற்சியும் பெற வேண்டும். "ஆன்லைனில் பி.எட்., தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்" என்ற விளம்பரத்தில் விழுந்தால் பணமும் போகும், வயதும் போகும்.

ஆகவே ஒரு குடும்பம் கணக்குப் போட வேண்டியது பி.ஏ. கட்டணத்தை மட்டும் அல்ல. பி.எட். படிக்கும் இரண்டாண்டுகளில் அந்தப் பிள்ளை கூலிக்குப் போக முடியாது. அந்த வருமானம் இல்லாமல் வீடு எப்படி ஓடும் என்பதுதான் பெரிய செலவு. பி.ஏ. படிக்கும்போதே பி.எட்.டுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்ப்பவர்கள்தான் கரை சேர்கிறார்கள்.

அரசு கல்வியியல் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் மாநிலம் முழுவதற்கும் அவை விரல் விட்டு எண்ணக்கூடியவையே. நமக்கு எட்டும் தொலைவில் நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்தில் ஒன்று இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி இடங்கள் கலந்தாய்வு மூலம் நிரப்பப்படுகின்றன. பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத இடம் உண்டு. அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் 2009 சட்டப்படி ஒதுக்கப்பட்டுள்ளது. சாதிச் சான்றிதழில் உட்பிரிவு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். கலந்தாய்வு வாரத்தில் இ-சேவை மையத்துக்கு ஓடிப் பயனில்லை.

எது உண்மையில் மலிவு?

பிளஸ் 2 முடித்த 18 வயதுப் பிள்ளைக்கு எது மலிவு என்று நிதானமாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். தொலைநிலையில் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் பி.ஏ. படிக்கலாம். ஆனால் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண், கல்லூரியில் நேரடியாகச் சேர்ந்தால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறார். ஆண் பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. மூன்றாண்டுக்கு மொத்தம் 36,000 ரூபாய். தொலைநிலையில் படிப்பவர்களுக்கு இந்தத் தொகை கிடையாது. தங்கிப் படிக்க ஆதிதிராவிடர் நல விடுதிகள் இருக்கின்றன. இவை 2025 முதல் சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படுகின்றன. தருமபுரியிலும் அரூரிலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. எனவே கல்லூரிக்குப் போகக்கூடிய பிள்ளைக்கு "வீட்டிலிருந்தே படிப்பு" மலிவானதல்ல. கையில் வர வேண்டிய பணத்தை அது விட்டுவிடுகிறது. நண்பர்களையும் நூலகத்தையும் பேராசிரியரின் வழிகாட்டலையும் சேர்த்து இழக்க நேர்கிறது.

தொலைநிலைப் படிப்பு யாருக்கு? கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு, குடும்பம் முழுவதும் தன் கூலியை நம்பியிருக்கும் இளைஞருக்கு, படிப்பை விட்டுப் பத்தாண்டு கழித்து மறுபடி தொடங்குபவருக்கு அது பெரிய வாய்ப்பு. அவர்களுக்கும் உதவி இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் தொலைநிலைப் படிப்புகளும் அடங்கும். சேரும் முன் கல்வி மையத்தில் "இந்தப் படிப்புக்கு உதவித்தொகை விண்ணப்பத்தை நீங்கள் அனுப்புவீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால், தருமபுரி மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். கேட்பது நம் உரிமை. யாரும் போடும் பிச்சை அல்ல.

புத்தகச் செலவும் வேண்டியதில்லை. இக்னோவின் வரலாற்றுப் பாட நூல்கள் "இ-ஞானகோஷ்" தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மத்திய அரசின் "ஸ்வயம்" தளத்தில் பேராசிரியர்களின் வரலாற்றுப் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இவற்றைக் கேட்டாலோ படித்தாலோ பட்டம் கிடைத்துவிடாது. இவை படிப்புக்குத் துணை மட்டுமே.

பட்டத்துக்குப் பின்

பி.ஏ., பி.எட். முடித்தவர் 6 முதல் 8 வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி பெற வேண்டும். 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, சமூக அறிவியல் 60. பொதுவான தேர்ச்சி 60 சதவீதம். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. ஒருமுறை பெற்ற தேர்ச்சி ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் தகுதித் தேர்வு மட்டும் வேலை தராது. 2018-ல் வந்த அரசாணை 149-ன்படி பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். மேல்நிலை வகுப்புக்கு முதுநிலை ஆசிரியராக விரும்புவோர் இளநிலை, முதுநிலை இரண்டிலும் ஒரே பாடம் படித்திருக்க வேண்டும். பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு, எளிது என்று எம்.ஏ. வரலாறு சேர்வோர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தமிழ் வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. 2020 திருத்தப்படி பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். எனவே படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே பயிற்று மொழியைக் கவனியுங்கள். அதற்கான சான்றிதழ் கிடைக்குமா என்பதையும் சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் வரலாறு?

"வரலாறு படித்தால் என்ன கிடைக்கும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் "பறையன்" இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் "ஒரு பைசாத் தமிழன்" இதழைத் தொடங்கி, நம் மக்களின் பழைய வரலாற்றை எழுதினார். சுவாமி சகஜானந்தர் 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினார். சட்டமன்றத்தில் நம் குரலாக ஒலித்த எம்.சி.ராஜா ஒரு பள்ளி ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர். அம்பேத்கர், தீண்டாமை எப்படித் தோன்றியது என்பதை ஆராய்ந்து 1948-ல் தனி நூலே எழுதினார். நம் தலைவர்கள் வரலாற்றைக் கையில் எடுத்தது பொழுதுபோக்குக்காக அல்ல. "நீ எப்போதும் இப்படித்தான் இருந்தாய்" என்று சொல்லப்பட்டவர்களுக்கு, அப்படி இல்லை என்று காட்டச் சான்று தேவைப்பட்டது.

தகடூர் அதியமானின் மண் இது. வயல் ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் நிற்கும் மாவட்டம் இது. 2012 நவம்பர் 7-ல் நத்தம் காலனி வீடுகள் தீக்கிரையாக்கப்பட்டதும் இதே மாவட்டத்தில்தான். ஒரு வகுப்பறையில் இவற்றில் எது சொல்லப்படும், எது விடப்படும் என்பதைக் கரும்பலகை முன் நிற்பவர்தான் தீர்மானிக்கிறார். அங்கே நம் பிள்ளை ஒருவர் நிற்க வேண்டும் என்று நாம் விரும்புவது அதனால்தான்.

அதற்குப் பிள்ளைகளின் உழைப்பு மட்டும் போதாது. மாதம் 1,000 ரூபாய் உதவியைத் தொலைநிலையில் படிக்கும் ஏழை மாணவர்களுக்கும் நீட்டிக்க வேண்டும், பி.எட். படிக்கும் இரண்டாண்டுக்கு வாழ்க்கைச் செலவுக்கான உதவி வேண்டும். நம் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் கிராம சபைகளிலும் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை. அதுவரை, காலனியில் ஒருவர் விண்ணப்பம் போடப் போகிறார் என்றால், ஏற்கெனவே படித்த ஒருவர் கூடப் போய் அந்த ஆண்டின் அனுமதிப் பட்டியலைப் பார்த்துச் சொல்லட்டும். அரை மணி நேர வேலைதான். ஒரு குடும்பத்தின் மூன்றாண்டு உழைப்பை அது காப்பாற்றும்.