உடைந்த வார்ப்பிரும்பு ஒட்டுமா?

வலியசாலைப் பக்கத்துப் பழைய வீடுகளில், பாட்டி காலத்துத் தையல் மிஷினின் காலோ கிணற்றடிக் கைப்பம்போ உடைந்து மூலையில் கிடப்பதைப் பார்க்கலாம். பட்டறைக்குக் கொண்டுபோனால், "இது காஸ்ட் அயர்னாக்கும் சார், வெல்டிங் நிக்காது, எடைக்குப் போட்டுடுங்க" என்பார்கள். அதில் பாதிதான் உண்மை.

சாதாரண எஃகில் கார்பன் சுமார் கால் சதவீதம். வார்ப்பிரும்பிலோ 2 முதல் 4 சதவீதம் வரை. அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக உள்ளே பரவிக் கிடக்கும். ஆகவே அமுக்கினால் தாங்கும். இழுத்தால் வளையாமல் உடையும். முன்பெல்லாம் ரயில் தடம் புரண்ட இடத்தில் வார்ப்பிரும்பு ஸ்லீப்பர்கள் அப்பளமாய் நொறுங்கியதும், எஃகு ஸ்லீப்பர்கள் வளைந்து கிடந்ததும் இதனால்தான்.

வெல்டிங் செய்த இடம் ஆறும்போது சுருங்கி இழுக்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு இழுப்புக்கு இணங்காமல், ஒட்டுக்குப் பக்கத்திலேயே 'டிக்' என்று விரிகிறது. போதாததற்கு, சட்டென்று ஆறிய இடம் அரம்கூடப் பிடிக்காத கெட்டி வெள்ளை இரும்பாகிவிடும்.

முதலில் விரிசலின் இரு நுனிகளிலும் துளையிட வேண்டும். இல்லாவிட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு பாகம் முழுவதையும் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி, வார்ப்பிரும்புக் கம்பியால் காஸ் வெல்டிங் செய்து, சாம்பலில் புதைத்து மறுநாள் எடுக்கலாம். காய்ச்ச வசதியில்லையென்றால் நிக்கல் எலெக்ட்ரோடு. ஓர் அங்குலம் ஒட்டி, சூட்டோடு சுத்தியலால் மெல்லத் தட்டி, கை பொறுக்குமளவு ஆறிய பிறகே அடுத்த அங்குலம். கூலிக்கு வேலை செய்பவருக்கு இந்தப் பொறுமை கட்டுப்படியாகாது. அவரைக் குறை சொல்வானேன்! தையல் மிஷின் காலுக்குப் பித்தளை ஒட்டே தாராளம்.

1917 ஏப்ரலில் அமெரிக்கா தன் துறைமுகங்களில் நின்ற ஜெர்மன் கப்பல்களைக் கைப்பற்றியபோது, மாலுமிகள் முன்கூட்டியே எஞ்சின்களின் வார்ப்பிரும்பு சிலிண்டர்களை உடைத்து வைத்திருந்தார்கள். புதிதாக வார்க்காமல் முடியாது என்று பலரும் கருதினார்கள். உடைந்த விளிம்புகளில் எஃகு ஸ்டட்களைத் திருகி, மின்சார வெல்டிங்கால் இணைத்து, சில மாதங்களிலேயே அவற்றில் படைகளை ஏற்றி அனுப்பினார்கள். அத்தனை பெரிய சிலிண்டரே ஒட்டியது!

விரிசல் விட்ட தோசைக்கல்லை மட்டும் ஒட்டக் கொண்டுபோகாதீர்கள். தினமும் காய்ந்து ஆறி அது மறுபடி விரியும். உணவு படும் இடத்தில் வேறு உலோகமும் வேண்டாமே.