ராஜாவை எந்த மூலைக்கு விரட்டுவது?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் செஸ் பட்டப் போட்டியில் டிங் லிரனும் குகேஷும் மோதிய 14-ஆவது ஆட்டம். வெள்ளைக் காய்களோடு ஆடிய டிங் 55-ஆவது நகர்த்தலாக யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். குகேஷ் யானைக்கு யானை மாற்றிக்கொண்டு, பிஷப்பை டி5-க்குக் கொண்டுவந்தார். ஏ8 மூலையில் இருந்த டிங்கின் பிஷப்புக்கு ஒதுங்க இடமே இல்லை. இரண்டு பிஷப்களும் போன பிறகு பலகையில் ராஜாக்களும் சில சிப்பாய்களும்தான். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். 58-ஆவது நகர்த்தலோடு டிங் ஒப்புக்கொண்டார்.

குகேஷ் படித்த வேலம்மாள் பள்ளி இருக்கும் மேல் அயனம்பாக்கம் எங்கள் திருமழிசையிலிருந்து பூந்தமல்லி, திருவேற்காடு தாண்டினால் வந்துவிடும். கிராண்ட்மாஸ்டர் பிரக்ஞானந்தா பாடிக்காரர். அதனால் நான் செஸ் சொல்லித்தரும் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் பக்கத்துத் தெருச் சங்கதி மாதிரி. அதைப் போட்டுக் காட்டியபோது ஒரு பையன் கேட்டான்: “மாஸ்டர், யானை எஃப்2-க்கு வந்ததும் கம்ப்யூட்டர் உடனே கறுப்பு ஜெயிக்கும்னு மாறிடுச்சே, அது எங்கேயாவது பார்த்துச் சொல்லுதா, யோசிச்சுச் சொல்லுதா?”

அருமையான கேள்வி. பார்த்துச் சொல்ல ஒரு வழி உண்டு. அதற்குப் பெயர் டேபிள்பேஸ். செக்மேட் ஆன நிலையிலிருந்து பின்னோக்கி நடந்து, காய்கள் குறைவாக உள்ள ஒவ்வொரு நிலைக்கும் வெற்றியா, டிராவா, தோல்வியா என்று முன்கூட்டியே எழுதிவைத்த அட்டவணை. ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரை முழுதாகக் கணக்கிட்டாகிவிட்டது. சிஸிஜி என்ற டேபிள்பேஸில் ஐந்து காய்கள் வரைக்குமான அட்டவணைக்கு ஒரு ஜிபி போதும். ஆறுக்குச் சுமார் 150 ஜிபி. ஏழுக்கோ 17 டெராபைட்டுக்கு மேல். பிள்ளைகளின் போனில் இருக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜினுக்கு இந்த வசதி கிடையாது. அது யோசித்துத்தான் ஆக வேண்டும்.

எப்படி யோசிக்கிறது? ராணியை வைத்தோ ஒற்றை யானையை வைத்தோ தனி ராஜாவை முடிப்பதில் அதற்குக் கஷ்டமே இல்லை. சரியாக ஆடினால் ராணிக்கு அதிகபட்சம் 10 நகர்த்தல், யானைக்கு 16. பிஷப்பும் குதிரையும் என்றால்தான் சோதனை. அதற்கு 33 வரை போகலாம். இரு பக்கத்து நகர்த்தல்களையும் தனித்தனியாக எண்ணினால் ஏறக்குறைய 65. தேடல் என்பது டார்ச் வெளிச்சம் போன்றது. எட்டும் தூரம் வரைதான் தெரியும். மேட் அதற்கு அப்பால் இருக்கிறது. மனிதருக்கும் இது எளிதல்ல. 2013-இல் ஜெனீவாவில், அப்போதைய பெண்கள் உலகச் சாம்பியன் அன்னா உஷெனினா, ஓல்கா கிர்யாவுக்கு எதிராக இதே பிஷப்-குதிரை இறுதியாட்டத்தை முடிக்க இயலாமல் டிரா செய்தார்.

புரோகிராம் எழுதியவர்கள் இங்கே ஒரு வழி கண்டார்கள். எதிரி ராஜா ஓரத்துக்குப் போகப் போகக் கூடுதல் மதிப்பெண். நம் ராஜா அதை நெருங்கினால் இன்னும் கொஞ்சம். பிஷப் நடக்கும் நிறத்து மூலைக்குத் தள்ளினால் எல்லாவற்றையும்விட அதிகம். தப்பான நிறத்து மூலையில் எதிரி ஒழுங்காக ஆடினால் மேட் கிடைக்காதே! இப்படிக் கையால் எழுதிய இறுதியாட்ட விதிகள் ஸ்டாக்ஃபிஷில் நெடுங்காலம் இருந்தன. 2020-இல் நியூரல் நெட்வொர்க் உள்ளே வந்தது. 2023-இல் கையால் எழுதிய மதிப்பீட்டை எடுத்தே விட்டார்கள்.

லீலா என்ற இன்னொரு இன்ஜினின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பது மட்டுமே அதன் கணக்கு. எந்த நகர்த்தலிலும் வெற்றி உறுதி என்றால், எல்லா நகர்த்தலும் அதற்கு ஒன்றுதான். ஜெயித்த ஆட்டத்தில் முடிக்காமல் அங்குமிங்கும் அலையும். பிறகு, இன்னும் எத்தனை நகர்த்தல் மிச்சம் என்று ஊகிக்கும் ஒரு பகுதியைச் சேர்த்துத்தான் அதைச் சரிசெய்தார்கள்.

சிப்பாய் இறுதியாட்டத்தில் வேறு சிக்கல். நேரம் மிச்சமாக இன்ஜின் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது: ‘இந்த முறை நான் நகர்த்தாமல் விட்டாலும் நல்ல நிலையில்தான் இருக்கிறேனா?’ என்று பார்த்து, ஆம் என்றால் அந்தக் கிளையை விட்டுவிடும். நகர்த்துவது எப்போதும் லாபம் என்ற நம்பிக்கையில் செய்வது இது. ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால் அந்த நம்பிக்கை செல்லாது. நகர்த்தியே ஆக வேண்டும் என்பதாலேயே தோற்கிற நிலைகள் அங்கே ஏராளம். ஆகவே பொதுவாகச் சிப்பாய்கள் மட்டும் இருக்கும்போது இந்தக் குறுக்குவழியை அணைத்துவைக்கிறார்கள். வழிகளும் குறைவு என்பதால் தேடல் வெகு ஆழம் போகும். டிங்கின் தவறு உடனே தெரிந்ததற்கு அந்த ஆழமே போதும். பையனுக்கு அதைத்தான் சொன்னேன்.

இன்ஜின் காட்டும் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு இன்னொரு நிலை வைத்திருக்கிறேன். வெள்ளைக்கு எச் வரிசைச் சிப்பாயும் வெள்ளைக் கட்டத்து பிஷப்பும். கறுப்பு ராஜா எச்8 மூலையில். எச்8 கறுப்புக் கட்டம். பிஷப்பால் அதைத் தொடவே முடியாது, ஆட்டம் டிரா. பழைய புரோகிராம்கள் காய்களை எண்ணி, வெள்ளை வெகுதூரம் முன்னால் இருப்பதாகச் சொல்லும்.

ஞாயிறு வகுப்பில் பிள்ளைகள் முதலில் தனி ராஜாவாக உட்கார்ந்து, போனை பிஷப்-குதிரையோடு ஆடவிடுகிறார்கள். எந்த மூலைக்கு அது விரட்டுகிறது என்று கவனித்துக்கொண்டு, பிறகு பக்கம் மாறிக்கொள்கிறார்கள். 50 நகர்த்தலுக்குள் முடிக்க வேண்டும். ஆடி முடித்த பிறகுதான் லிச்செஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் டேபிள்பேஸைத் திறந்து, எந்த நகர்த்தலில் வழி நீண்டது என்று தேடுகிறோம். போன் ஆடிய ஆட்டத்துக்கும் அதே பரிசோதனை உண்டு.