ஓலைப்பெட்டியும் மாத்திரை அட்டையும்

பழவேற்காட்டு மகளிர் முடையும் பனையோலைப் பெட்டிக்குள் காற்று புகும். கருவாட்டுக்கு அது நன்மை. மாத்திரைக்கோ ஈரக்காற்று பகை.

அண்மையில் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வந்த தாயார் ஒருவர், தம் மாத்திரைகள் அனைத்தையும் அட்டையிலிருந்து பிரித்து ஓலைப்பெட்டியில் இட்டுக் கொண்டுவந்தார். திறந்ததும் வினிகரின் புளிப்பு வாடை எழுந்தது. மாரடைப்பைத் தடுக்க நாங்கள் அளிக்கும் ஆஸ்பிரின், ஈரம் பட்டால் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். வினிகரில் இருப்பதும் அதே அமிலந்தான்.

ஈரத்தை வெல்வது எளிதாக இருக்கவில்லை. 1908இல் சுவிட்சர்லாந்தின் ஜாக் பிராண்டன்பெர்கர் கண்ட செலோபேன் தாள் நீரைத் தடுத்தது, நீராவியைத் தடுக்கவில்லை. 1927இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் மெல்லிய மேற்பூச்சால் அக்குறையைத் தீர்த்தது. 1933இல் இங்கிலாந்து ஆய்வகம் ஒன்றில் எதிர்பாராத விதமாகப் பாலித்தீன் பிறந்தது. 1960களில் பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் இணைந்த மாத்திரை அட்டை பரவலாயிற்று. ஒன்றைப் பிரித்தாலும் மற்றவை காக்கப்படுவதே அதன் சிறப்பு.

ஆகவே, உட்கொள்ளும் வேளையில் மட்டுமே மாத்திரையைப் பிரியுங்கள். காலாவதித் தேதி உள்ள பகுதியை வெட்டி எறியாதீர்கள். நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை கண்ணாடிப் புட்டியில் வந்தால், அதிலேயே இறுக மூடி வையுங்கள். வாடை மாறிய ஆஸ்பிரினை உண்ணாதீர்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள், உடனே புதிது பெறுங்கள்.

ஓலைப்பெட்டியைக் கைவிட வேண்டியதில்லை. அட்டையோடு அதில் வைத்தால் போதும்.